அலமாரியில் இல்லாத லேஸ் கவுன்

"பையைத் திற, செலஸ்ரீனா."

மிலானிலிருந்து காலையில் வந்திறங்கிய எசமானி சிஞ்ஞோராவின் குரலில் அழுகையே இல்லை. பக்கத்து அறையில் அவளுடைய அம்மா சவப்பெட்டியில் கிடந்தாள். தோளில் கறுப்புச் சால்வை, நெஞ்சுவரை வெள்ளைத் துணி. மகளின் கவலையோ அலமாரியைப் பற்றியது. உலகப் போர் முடிந்த காலத்தில் தைத்த, லேஸும் வலைத்துணியும் அடுக்கடுக்காய் வைத்த அம்மாவின் விருந்துக் கவுனைக் காணவில்லை. நாளை அதைப் பார்த்து விலை பேசப் பழைய உடுப்புக் கடைக்காரி வருகிறாள்.

வீட்டு வேலைக்காரி செலஸ்ரீனா பையைக் கவிழ்த்தாள். குடை, செபமாலை, சோற்றுப் பெட்டி.

"அலமாரிச் சாவி உன்னிடம்தானே இருந்தது? கவுன் வராவிட்டால் போலீஸ் வரும்."

இந்தக் கால்சாப் பகுதியில் ஒரு வீட்டில் கள்ளி என்று பெயர் வந்தால் வேறெந்த வீடும் கதவு திறக்காது. செலஸ்ரீனாவுக்கு நேற்று நடந்தது சட்டென நினைவு வந்தது. சாவியைக் கேட்டு வாங்கியவள் புனிதமலர், அம்மாவைப் பராமரித்தவள். அவளுடைய மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். போகும்போது கையில் பெரிய பை வேறு!

சமையலறைக்குள் போய்ப் போன் எடுத்தாள்.

"அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ. அந்த லேஸ் சட்டை எங்கை? மகளின்ரை கலியாணத்துக்கெண்டு கொண்டுபோனியளோ?"

"அடி விசரி! அந்தப் பழசை என்ரை பிள்ளை போடுவாளே? நில், வாறன்."

ஒரேத்தோப் பக்கமிருந்து பஸ் பிடித்து வந்த புனிதமலர் நேரே பெட்டியடிக்குப் போய், சால்வையையும் வெள்ளைத் துணியையும் விலக்கினாள். உள்ளே லேஸ் கவுன்.

"புருசன் உயிரோடை இருக்கேக்கை கண்மூடினவ. கலியாணக் கூறை உடுத்தாமல் அனுப்புறதோ? இவையின்ரை கூறை இதுதானே! உடம்பு விறைச்சுப் போச்சு, முதுகிலை வெட்டித்தான் போட்டனான்."

புனிதமலருக்கு இத்தாலியன் இன்னும் பிடிபடவில்லை. செலஸ்ரீனாதான் மொழிபெயர்த்தாள். முதுகில் வெட்டியதை மட்டும் விட்டுவிட்டாள்.

"கல்யாண உடையா?" மூலையில் இருந்த சிஞ்ஞோராவின் அப்பா தடியை ஊன்றி வந்தார். வெகுநேரம் பார்த்தார். "கல்யாணத்துக்கு இவள் அக்காவின் சாம்பல் நிறக் கவுனை இரவல் வாங்கித்தான் போட்டாள். போர் நேரம், துணி ஏது? இதை நான் பார்த்ததே இல்லை." லேஸைத் தொட்டார். "இதைப் போட்டுக்கொண்டு யாரோடு ஆடினாள்?"

சிஞ்ஞோரா அவசரமாக வெள்ளைத் துணியைக் கழுத்துவரை இழுத்து மூடினாள். கடைக்காரியை வர வேண்டாம் என்று போனில் சொன்னாள். பிறகு, கீழே கிடந்த செபமாலையைத் தானே பொறுக்கிச் செலஸ்ரீனாவின் பையில் போட்டாள்.

"திங்கட்கிழமை வழக்கம்போல் வா." குரலைத் தாழ்த்தினாள். "அம்மா எப்போதாவது உன்னிடம் ஏதாவது சொன்னாளா?"

"இல்லை, சிஞ்ஞோரா."

நம்பாத பார்வை. பையைத் திறக்கச் சொன்னபோது இருந்த அதே பார்வை.

"என்னவாம்?" என்றாள் புனிதமலர்.

"ஒண்டுமில்லை அக்கா. கூறை நல்ல வடிவாம்."