ஜலால் ஆகாவின் சாவு

தாடையை அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் அபூ யாசீன். முனீப் இரண்டு விரல்களால் அப்பாவின் மோவாயைத் தூக்கிப் பிடித்தான். தோல் ஈரமாக, குளிர்ந்து, கையில் நிற்காமல் நழுவியது. கற்பூர வாசனைக்கு அடியில் வேறொரு வாடை இருந்தது. பன்னிரண்டு வருடமாகப் பல் மருத்துவம் பார்க்கிறவன் அவன். அடுத்தவர் வாய் நாற்றத்தில்தான் அவன் பிழைப்பே ஓடுகிறது. ஆனாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பல் செட்டு இருக்கு டாக்டர். அத எடுத்துருங்க," என்றார் அபூ யாசீன். இறந்தவர்களின் மய்யித்துகளைக் குளிப்பாட்டுவது முப்பது வருடமாக அவர் செய்யும் வேலை. அந்தத் தெருவில் யார் உடம்பில் எங்கே மச்சம் இருந்தது என்பது அவருக்குத் தெரியும்.

முனீப் எடுத்தான். அவனே செய்து கொடுத்த பல். 'ஸ' சொல்லும்போது காற்று சீட்டியடிக்கிறது என்று நான்கு முறை திருப்பிக் கொண்டுவந்திருந்தார் அப்பா. வெளியே நோயாளிகள் காத்திருக்க, நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஸ, ஸ, ஸ என்று சொல்லிக் காட்டுவார். எச்சில் முனீபின் கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். துடைத்துக்கொண்டு மறுபடியும் பல்லை ராவ வேண்டும்.

அபூ யாசீன் நனைத்த துணியால் உதடுகளைத் துடைத்தார். பிறகு குனிந்தபடியே குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே?"

"கேளுங்க."

"ஜலால் ஆகா அந்தப் பொண்ண மன்னிச்சிருவாரா, மாட்டாரா?"

முனீபுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது, பிடித்திருந்த தாடை கை நழுவிப் போனது.

ஜலால் ஆகா துருக்கித் தொலைக்காட்சித் தொடரில் வரும் கிழவன். ஓடிப்போன மகளைத் தேடி ஆளனுப்பிக்கொண்டிருப்பவன். எட்டு மாதமாக தினமும் சாயங்காலம் டமாஸ்கஸ் நகரமே கடையைப் பாதியில் சாத்திவிட்டு அதன் முன் உட்கார்ந்திருந்தது. திரையில் வாயசைப்பவன் எவனோ ஒரு துருக்கிக்காரன். அவன் வாயிலிருந்து வருவது முனீபின் அப்பா வஜீஹின் குரல்.

"வீட்டுல கேட்டுட்டு வரச் சொன்னா. உங்ககிட்ட சொல்லியிருப்பாரேன்னு," என்றார் அபூ யாசீன்.

"சொல்லல."

"சொல்லாமலே போயிட்டாரா." அபூ யாசீன் நாக்கால் உச்சுக்கொட்டினார். உள்ளே வந்ததிலிருந்து அவர் முகத்தில் அப்போதுதான் உண்மையான துக்கம் தெரிந்தது.

அடக்கம் முடிந்து, மறுநாள் பள்ளிவாசலை ஒட்டிய கூடத்தில் துக்கம் விசாரிக்க வந்தவர்களின் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. முனீப் சுவரோரம் நின்று கை கொடுத்தான். கைகள் வியர்த்திருந்தன. கசப்புக் காப்பி ஊற்றுகிறவன் ஒரே நான்கு கிண்ணிகளை ஒரே தண்ணீரில் அலசி அலசி நீட்டினான். ஒவ்வொரு மீசையும் நனைந்து எழுந்ததும் அடுத்த மீசை குனிந்தது. "ஆகா போயிட்டாரு," என்று ஒரு காய்கறிக் கடைக்காரர் அவன் தோளில் முகம் புதைத்து விம்மினார். சளியின் ஈரம் சட்டையைத் தாண்டி உறைத்தது. வஜீஹ் என்ற பெயராவது இந்த மனிதருக்குத் தெரியுமா என்று யோசித்தான்.

அப்பாவின் கூட்டாளிகள் அதைவிட மோசம். குரல் கொடுக்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் கூட்டமாக வந்தார்கள். அடிவயிற்றிலிருந்து எழுந்தது அவர்கள் அழுகை. தொண்டையில் சரியான இடத்தில் உடைந்து, கடைசி வரிசை வரை போய்ச் சேர்ந்தது. ஓநாய்க்கும் வில்லனுக்கும் குரல் கொடுக்கும் ஒருவர், "இன்னா லில்லாஹி" என்று சொல்லி நிறுத்தி, அந்த அமைதி போதுமான அளவு நீண்டதா என்று காதைத் தீட்டிக்கொண்டது முனீபுக்கு நன்றாகத் தெரிந்தது.

அப்பாவும் ஓநாயாக இருந்தவர்தான். நாற்பத்தொரு வயது வரை விவசாய வங்கியில் கணக்கர். மேசை, மின்விசிறி, கௌரவமான சலாம் எல்லாம் இருந்தன. ஒருநாள் ராஜினாமா கொடுத்துவிட்டு கார்ட்டூன் ஓநாய்க்கு ஊளையிடப் போனார். முனீப் அப்போது ஆறாம் வகுப்பு. அவன் வகுப்புக்குள் நுழையும்போதெல்லாம் நாற்பது பையன்கள் ஊளையிட்டார்கள். தினமும் காலையில் அப்பா குளியலறையில் ஆலிவ் எண்ணெய் கொப்பளிக்கும் சத்தம் மூன்று மாடிக்குக் கேட்கும். பிறகு இருமல், ஏப்பம், குத்துப்பட்டவனின் முனகல், குடிகாரன் வாந்தி. எல்லாம் பயிற்சி. அடுத்த வீட்டுப் பெண் ஒருமுறை மருத்துவரைக் கூட்டிக்கொண்டே வந்துவிட்டாள்.

"பேங்க்ல உனக்கு என்னதான் குறைச்சல் இருந்துச்சு?" என்று கல்லூரி நாட்களில் ஒருமுறை கேட்டிருக்கிறான்.

"ஒரு குறையும் இல்லடா. அங்க உக்காந்திருந்தா வாய் அரிச்சுது," என்றார் அப்பா. அவ்வளவுதான் பதில். ஏதோ தோல் வியாதியைச் சொல்வது போலச் சொன்னார்.

மதியம் அவன் வீட்டுக்கு வந்தபோது பெண்கள் இருந்த அறையை ஒட்டிய சமையலறையில் நவ்வார் காத்திருந்தாள். தொடரின் குரல்பதிவை இயக்குகிறவள். கண்கள் வீங்கியிருந்தன. மடியில் ஒரு தாள் கட்டு. பக்கத்தில் முனீபின் அக்கா ஹனாதி நின்றாள்.

"மொத்தம் நாப்பது வரி கூட இல்ல டாக்டர்," என்றாள் நவ்வார். "மூணு அத்தியாயம் பாக்கி. கடைசில ஆகா செத்துப்போறார். போன்ல நீங்க பேசினப்போ எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவரே பேசறாப்ல இருந்துது. நீங்க வந்து பேசிக் குடுக்கணும்."

"மண்ணு கூட இன்னும் காயல."

"தெரியும். கேக்கறதுக்கு எனக்கே வெக்கமாத்தான் இருக்கு. நாளான்னிக்கு ஒளிபரப்பு."

"நீ வரலைன்னா குரல் கொடுக்க அந்த ஃபவ்வாஸக் கூப்பிடுவாங்களாம்டா," என்றாள் ஹனாதி. "அந்த ஆள் குரலக் கேட்டாலே அப்பாவுக்கு வயித்தக் கலக்கும்."

"அப்பாவுக்கு இனிமே வயிறு கிடையாது."

ஹனாதி அவனையே பார்த்தாள். பிறகு திரும்பி, கழுவியிருந்த தட்டுகளை மறுபடி கழுவ ஆரம்பித்தாள்.

தட்டுகளின் சத்தத்தில் அவனுக்கு அம்மா ஞாபகம் வந்தது. ஆறு வருடத்துக்கு முன் ஆஸ்பத்திரியில் அம்மா கடைசி மூச்சுக்குத் திணறிய இரண்டு மணி நேரமும் அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தலையைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்தார். துஆ செய்கிறார் என்றுதான் முனீப் நினைத்தான். இரண்டு சின்ன மூச்சு, ஒரு நிறுத்தம், பிறகு அடைத்த தொட்டியில் தண்ணீர் இறங்குவது போல ஒரு சத்தம். அப்படித்தான் போனாள். நாற்பதாம் நாள் கழிந்து ஒரு வாரமிருக்கும். முனீபின் மகள் தொலைக்காட்சி முன் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அம்பு தைத்த மந்திரி ஒருவன் கார்ட்டூனில் செத்துக்கொண்டிருந்தான். இரண்டு சின்ன மூச்சு, ஒரு நிறுத்தம், தண்ணீர் இறங்கும் சத்தம்.

முனீப் கழிவறைக்கு ஓடிப்போய் வாந்தியெடுத்தான். வாயைக் கூடக் கழுவாமல் போய் அப்பாவின் கதவைத் தட்டினான். "அது அம்மா. நீ போட்டது அம்மாவோட மூச்சு," என்றான்.

அப்பாவின் முகம் வெளுத்தது. அவன் காலில் விழுந்துவிடுவாரோ என்று கூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவர் கேட்டது இதுதான்: "சரியா வந்துச்சா?"

நான்கு மாதம் அவன் அவரோடு பேசவில்லை.

"நான் வர்றேன்," என்றான் முனீப் நவ்வாரிடம். ஹனாதியின் கை தண்ணீருக்குள் நின்றது. "இதுல என்ன பெரிய வித்தை இருக்கு? நாக்குன்னு ஒண்ணு இருக்கற எவனும் பேசிட்டுப் போயிடலாம். அதுக்காக ஒரு மனுஷன் வேலைய விட்டு, பொண்டாட்டி சாவ வித்து... நாளைக்கு வந்து அந்தக் கிழவனக் கொன்னுட்டு வர்றேன். அதோட எங்கள விட்டுருங்க."

மூன்றாம் நாள் மதியம் லுஹர் தொழுகை முடிந்ததும் போனான். பிற்பகல் அஸர் தொழுகைக்குள் கூடத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைந்தான்.

பதிவறை ஒரு அலமாரி அளவுதான் இருந்தது. சுவர்களின் பஞ்சு இருபது வருடத்துச் சிகரெட்டையும் வாய்களையும் குடித்துக் கறுத்திருந்தது. மைக்கின் வலையில் காய்ந்த எச்சில் துணுக்குகள். ஹெட்போனின் உறையில் அப்பாவின் தலையெண்ணெய் பிசுக்கு. கைக்குட்டையால் மூன்று முறை துடைத்தும் காதில் வைத்தபோது வழவழத்தது. தாள்களில் சிவப்புப் பென்சிலால் அப்பா கோடு போட்டிருந்தார். இங்கே விழுங்கு, இங்கே மூக்கால், இங்கே பொய் சொல்கிறான்.

முதல் இரண்டு அத்தியாயங்களை அவன் மருந்துச் சீட்டு வாசிப்பது போல வாசித்தான். அதற்கே ஒலிப்பதிவுக்காரன் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து தலையாட்டினான்.

"அச்சு அசல் அவரேதான் டாக்டர். சாப்பாட்டு நேரத்துல மட்டும் அவர மாதிரி வாந்தி சத்தம் போட்டு நம்மள பயமுறுத்தாதீங்க."

"பேசாம இரு," என்றாள் நவ்வார். பிறகு முனீபிடம், "கடைசிக் காட்சி. ஆகா படுக்கையில இருக்கார், பொண்ணு வந்து காலடியில உக்காருது. அவருக்கு வசனமே கிடையாது. மூச்சு மட்டும். இந்தப் பக்கத்துல உங்கப்பா ஒண்ணும் குறிச்சு வெக்கல."

தாள் வெறுமையாகத்தான் இருந்தது.

திரையில் துருக்கிக்காரன் வாயைத் திறந்தான். முனீப் ஏதாவது ஒரு முனகலைப் போட்டுவிட்டு எழுந்து போய்விடலாம் என்றுதான் வாயைத் திறந்தான். ஆனால் வந்தது வேறு. இரண்டு நாளைக்கு முன் விடிகாலையில் அப்பாவின் கட்டிலருகே உட்கார்ந்திருந்தபோது அவர் மூச்சுகளைத் தான் எண்ணிக்கொண்டிருந்தது அவனுக்கே தெரியாது. சிக்கிக்கொண்ட மேசை இழுப்பறையை இழுப்பது போல ஒரு நீண்ட மூச்சு. அடியில் கொழகொழவென்று ஏதோ புரளும் சத்தம். இன்னொன்று, அதைவிடக் குட்டையாக. மூன்றாவதில் பல்லில்லாத ஈறுகளில் நாக்கு ஒட்டிப் பிரிந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. கடைசியாக மூக்கு வழியே மெல்லியதாக ஒன்று, எதையோ வேண்டாம் என்று சொல்வது போல.

எல்லாம் வரிசையாக வந்தன. துருக்கிக்காரனின் மார்பு அவன் மூச்சுக்குத் தக்கபடி ஏறி இறங்கியது.

கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவுக்காரன் காதிலிருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். நவ்வார் அழுதுகொண்டிருந்தாள். நேற்றைய கூட்டத்தின் அழுகை போல அழகாக இல்லை. மூக்கு ஒழுகியது.

"போதும் டாக்டர்," என்றாள் ஒருவழியாக. "நீங்க கிளம்புங்க. இதையே வெச்சுக்கறோம்."

முனீப் எழுந்திருக்கவில்லை. புளித்த நீர் தொண்டை வரை ஏறி நின்றது. கூடத்தில் இந்நேரம் ஆட்கள் வர ஆரம்பித்திருப்பார்கள். கதவு கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஏறியதை விழுங்கினான்.

"கடைசி மூச்சுக்கு முன்னாடி ஒரு இடைவெளி இருக்குல்ல," என்றான். "அங்க சீக்கிரமா எடுத்துட்டேன்."

"அது யாருக்கும் தெரியாது."

"அவ்வளவு சீக்கிரம் இல்ல. இன்னும் கொஞ்சம் விட்டுதான்." தண்ணீர்க் குவளையை எடுத்து ஒரு மடக்குக் குடித்தான். "பின்னாடி போங்க."

நவ்வார் அவனைப் பார்த்தாள். பிறகு ஒலிப்பதிவுக்காரனின் தோளைத் தொட்டாள். அவன் குமிழைத் திருகினான்.

திரையில், மகளின் கன்னத்தில் வழிந்திருந்த கண்ணீர் மேலேறிக் கண்ணுக்குள் போனது. மூடிய இமைகள் திறந்தன. செத்துக் கிடந்த கிழவன் தலையணையிலிருந்து மெல்லத் தலையைத் தூக்கி, வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான்.