அண்ணனின் புயத்துக்கு அகலப் பட்டை

மருத்துவக் கல்லூரியில் முதல் வருடம் சேரும் பிள்ளைகளுக்கு சீனியர்கள் கொடுக்கும் முதல் புத்திமதி, உயிரியற்பியலைத் தொடாதே என்பதுதான். உடலியங்கியல் பாடத்தில் ஒரு மூலையில் ஒண்டிக்கிடக்கும் பகுதி, மார்க்கும் சொற்பம். இசக்கிசெல்வி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குழாயில் ஓடும் தண்ணீருக்கு உள்ள விதிகள் நாளத்தில் ஓடும் ரத்தத்துக்கும் உண்டு என்று படித்த அன்றே அவளுக்கு அந்தப் பாடம் பிடித்துப்போயிற்று. சரியான பைத்தியம் என்று அறைத்தோழி ரெம்யா தலையில் அடித்துக்கொண்டாள்.

அவள் அண்ணன் செல்வகணேஷுக்கு கேரளத்து விழிஞ்ஞம் துறைமுகத்தில் கன்டெய்னர்களைப் பிணைக்கும் வேலை கிடைத்திருந்தது. சிமென்ட் மூட்டை சுமந்தே வாலிபத்தைக் கழித்தவனுக்கு மாதச் சம்பளம் வரும் முதல் வேலை. உடல் தகுதிச் சான்றிதழ்தான் பாக்கி. ஒப்பந்தக்காரர் அனுப்பிய கிளினிக்கில் இரண்டு தடவையும் ரத்த அழுத்தம் எகிறிவிட்டது. இன்னொரு தடவை பார்ப்போம், அப்போதும் இப்படியென்றால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் உப்பில்லாச் சோறு, அம்மா கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டிருந்தாள்.

போனில் புலம்பிய அண்ணனிடம் இசக்கிசெல்வி ஒன்றே ஒன்று கேட்டாள். அழுத்தம் பார்க்கும்போது கையில் பட்டையை எப்படிச் சுற்றினார்கள்? சுற்றியதும் பிரிந்துகொண்டே வந்ததாம், நர்ஸ் கையால் பிடித்துக்கொண்டாராம். அவள் சிரித்துவிட்டாள். என் பிழைப்பு உனக்குச் சிரிப்பாக இருக்கிறதா என்று அவன் கோபித்துக்கொண்டான்.

தலையணைக்குள் கிடக்கும் கயிற்றை ஒற்றை விரலால் அழுத்திப் பார், பிறகு உள்ளங்கையால் அழுத்திப் பார் என்று அவள் விளக்கினாள். மூட்டை சுமந்து பருத்த புயத்தில் குறுகிய பட்டையைக் கட்டினால் அழுத்தம் சதையிலேயே பாதி தொலைந்துபோகும். உள்ளே இருக்கும் ரத்தக்குழாயை அமுக்க இன்னும் காற்றடிக்க வேண்டும். அந்த உபரியும் அண்ணன் கணக்கில் ஏறிவிடுகிறது.

"ஏட்டி, உனக்கு நிச்சயமாத் தெரியுமா?" என்றான்.

"தெரியும். நானும் வாரேன்."

கிளினிக்கில் நர்ஸ் ராஜஸ்ரீக்கு மூச்சுவிட நேரமில்லை. அகலப் பட்டை வேண்டும் என்றதும் முகம் சுளித்தார். எல்லோருக்கும் இதேதான் என்று, "எல்லார்க்கும் இதுதன்னே மோளே," என மலையாளத்தில் மறுத்தார். இசக்கிசெல்வி விடவில்லை. முதலில் அதிலேயே பாருங்கள், பிறகு அகலமானதில் பாருங்கள், இரண்டும் ஒன்றாக வந்தால் வாய் திறக்காமல் போய்விடுகிறேன் என்றாள். வாய்தான் அப்படிச் சொன்னது. ஒருவேளை அண்ணனுக்கு நிஜமாகவே அழுத்தம் இருந்தால் என்ற பயம் அவளுக்கும் இருந்தது. அப்படி இருந்தால் அதுவும் தெரிந்தாக வேண்டும் என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டாள். சத்தம் கேட்டு வந்த டாக்டர் பத்மகுமார் அலமாரியைத் திறக்கச் சொன்னார். அகலப் பட்டை பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது.

பழைய பட்டையில் நூற்று ஐம்பத்தாறு. கொஞ்சம் ஆறவிட்டு, புதியதில் நூற்று இருபத்தாறு. டாக்டர் நம்பாமல் தானே இன்னொரு முறை பார்த்தார். அதேதான். எந்த வருடம் படிக்கிறாய் என்று அவளைக் கேட்டுக்கொண்டே சான்றிதழில் கையெழுத்துப் போட்டார். முதல் வருடம் என்று அவள் கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

வெளியே வந்ததும் செல்வகணேஷ் அம்மாவுக்குப் போன் போட்டு, ரசத்தில் உப்புப் போடச் சொன்னான். இசக்கிசெல்விக்கும் பெருமை தாங்கவில்லை. போனைப் பைக்குள் வைத்தவன் தன் புயத்தைத் தடவிப் பார்த்தான். அவன் சிரிப்பு மெல்லப் போய்விட்டது.

"செல்வி, அப்பாவுக்கும் இதே கைதான?"

கொத்தனாராக இருந்த அப்பா பிச்சைக்கனிக்கு யாரோ நடத்திய முகாமில் அழுத்தம் என்று மாத்திரை எழுதிக்கொடுத்திருந்தார்கள். மாத்திரையைத் தொடங்கிய பிறகுதான் தலைசுற்றல் வந்தது. சாரம் ஏற முடியாமல், இப்போது இதே ஊரில் ஒரு லாட்ஜ் வாசலில் காவலுக்கு உட்கார்ந்திருக்கிறார். வயசாகிவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள், இசக்கிசெல்வியும்தான். தேர்வில் பட்டைக் கணக்கை எழுதி முழு மார்க் வாங்கியபோதுகூட அப்பாவின் கை அவளுக்கு நினைவில் வரவில்லை. அந்த முகாமில் எந்தப் பட்டையைக் கட்டினார்களோ.

அவள் கிளினிக் கதவை மறுபடி தள்ளினாள்.

"மாத்திரைய நிறுத்தச் சொல்லிராத. மொதல்ல அளக்கணும். நீ போயி அப்பாவ இப்பவே கூட்டிட்டு வா, நா இங்கனயே நிக்கேன்."