தேதி மேடம் வைத்த திங்கட்கிழமை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு முடிவெட்டும் கடையில். பாதித் தலை முடிந்திருந்தபோது கடைக்காரர் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டார். தொலைக்காட்சியில் கால்பந்து சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியின் தேதியைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை, மதியம் இரண்டு மணி.

"வேலை நாள்ல, பட்டப்பகல்ல! எவன்டா இதுக்குத் தேதி வச்சவன்?" என்றார் கடைக்காரர்.

கடையிலிருந்த எல்லோரும் அந்த 'எவனை' ஆளுக்கொரு விதமாகத் திட்டினார்கள். நானும் திட்டினேன். பாதித் தலையோடு உட்கார்ந்திருப்பவன் வேறென்ன செய்வான்? மீதித் தலையை அவர் கோபத்தோடு வெட்டினார். (காதுக்கு மேலே இன்னும் அதன் அடையாளம் இருக்கிறது.) வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் உறைத்தது. அந்த 'எவன்' எங்கோ ஒரு நாற்காலியில் நிஜமாகவே உட்கார்ந்திருப்பான். தேதியை வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருப்பான். வீட்டில் அவனோடு பேசாதவர்கள் யாராவது இருப்பார்கள். அப்புறம், அவன் ஏன் அவளாக இருக்கக் கூடாது?

கையிலிருந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் கட்டியது.

2

முதல் வரிக்கு மூன்று முயற்சிகள்.

அந்த மாநகரத்தின் லட்சக்கணக்கான இதயங்கள்— (வேண்டாம். இதயம் வந்தால் துடிப்பும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.)

கால்பந்து என்பது வெறும் விளையாட்டல்ல, அது ஒரு— (எழுதிய கையைக் கழுவிவிட்டு வந்தேன்.)

தேதி மேடத்துக்குக் கால்பந்து பிடிக்காது. இது இருக்கட்டும்.

கால்பந்துச் சங்க அலுவலகத்தின் மூன்றாம் மாடியில், சுவர் முழுக்க நாள்காட்டி ஒட்டிய அறையில் அவள் வேலை பார்த்தாள். எந்த ஆட்டம் எந்த நாளில், எத்தனை மணிக்கு என்று முடிவு செய்வது அவள் பொறுப்பு. அதனால் அலுவலகத்தில் எல்லோருக்கும் 'தேதி மேடம்'. ஒரு ஆட்டத்தைக்கூட அவள் முழுதாகப் பார்த்ததில்லை. ஆட்டம் என்றால் அவளுக்குப் போலீஸ், ஆம்புலன்ஸ், பேருந்து, தொலைக்காட்சி, புல்* இவ்வளவும் ஒரே நாளில் தலையாட்டுவது. அதன் பிறகு உள்ளே யார் யாரை உதைத்தாலும் அவளுக்கு ஒன்றுதான்.

இந்த இறுதிப் போட்டிக்குச் சனிக்கிழமை ஆகவில்லை. யாரோ ஒரு பாடகருக்குப் போட்ட மேடையை மைதானத்திலிருந்து இன்னும் பிரித்திருக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊரில் மாரத்தான் ஓட்டம். ஓட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் ஒரே நாளில் ஆள் தர முடியாது என்று போலீஸ் கை விரித்தது. திங்கள் என்று அறிவித்தாள். ஊர் கொதித்தது.

* புல்லின் சம்மதத்தை வாங்கித் தருபவர் மைதானப் பராமரிப்பாளர். மழை பெய்த மறுநாள் அவரிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை.

3

ஆட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொல்லி ரசிகர் மன்றத்திலிருந்து மூன்று பேர் மனுவோடு வந்தார்கள். ஒரு பேருந்து ஓட்டுநர், ஒரு வங்கிக் காசாளர். முன்னால் தலைவர். தலைவருக்குப் பிழைப்பு லிஃப்ட் பழுது பார்ப்பது. இந்தக் கட்டடத்து லிஃப்ட் எழுப்பிய சத்தத்தைக் கேட்டுவிட்டு, மூன்று மாடியும் படியேறியே வந்திருந்தார்.

தலைவர், தேதி மேடத்தின் கூடப்பிறந்த அண்ணன்.

(இதை நான் இப்படிப் பொசுக்கென்று சொல்லியிருக்கக் கூடாது என்பார்கள். கடைசிவரை மூடி வைத்தால் நீங்கள் எப்படியும் பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள்.)

இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அவள் கல்யாணத்தன்று, மாலை மாற்றிய கையோடு அண்ணனைத் தேடினால் ஆளைக் காணோம். அன்றைக்கு அவருடைய அணிக்கு அரையிறுதிப் போட்டி. அண்ணன் பின்வாசல் வழியாக மைதானத்துக்குப் போயிருந்தார். அவள் வைராக்கியக்காரி. அதற்குப் பிறகு அவர் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்போது மேசைக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் அவள்.

"உக்காருங்க தலைவரே," என்றாள்.

"பரவால்லீங்க மேடம்," என்றார் அண்ணன்.

ஓட்டுநர்தான் பேச்சை ஆரம்பித்தார். "ஞாயித்துக்கெழமைன்னா எனக்கு லீவு. திங்கக்கெழமைன்னாலும் நான் மைதானத்துக்குப் போவேன் மேடம். ஸ்பெஷல் பஸ்ஸ ஓட்டிக்கிட்டு. எல்லாரையும் வாசல்ல எறக்கி விட்டுட்டு, உள்ள சத்தம் கேக்கும்போது வண்டியத் திருப்பிக்கிட்டு வந்துருவேன். எங்க டீமு ஃபைனலுக்கு வர்றது என் வயசுக்கு இதான் மொதத் தடவை."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். ஒருவர் குறை சொல்லும்போது அவள் அப்படிச் செய்வது வழக்கமில்லை.

காசாளர் பெருமையோடு முன்னால் வந்தார். "தலைவரோட தியாகத்தையும் சொல்லணும் மேடம். அவர் பொண்ணு கல்யாணமே அந்த ஞாயித்துக்கெழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குத்தான். அப்படியிருந்தும் ஞாயிறு வேணும்னு கேக்குறாருன்னா பாத்துக்குங்க!"

தலைவர் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார். மன்றக் கூட்டத்தில் வாய் தவறிவிட்டது. 'என் பொண்ணு கல்யாணமே ஆனாலும் ஞாயிறுதான்!' என்று முழங்கியதும் அப்படி ஒரு கைதட்டல்.

"அப்படியா தலைவரே? வாழ்த்துக்கள்," என்றாள் பத்திரிகை வராத அத்தை.

"நன்றிங்க மேடம்."

4

இங்கே எனக்கு ஒரு சபலம். நீங்களும் அதைத்தான் எதிர்பார்க்கிறீர்கள்.

இத்தனை வருடம் காத்திருந்த தேதி மேடம் விஷமமாகச் சிரித்தாள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி என்று எழுதி அண்ணனின்—

அடித்துவிட்டேன். பழிவாங்குவது எழுத சுலபம். ஆனால் ஓட்டுநர் பேசியபோது பேனாவைக் கீழே வைத்தவள் இவள். அவளையே எழுத விட்டேன். மூவரும் படியிறங்கியதும் அவள் போலீஸுக்கு ஃபோன் செய்தாள். மாரத்தான் காலையோடு முடிகிறதே, மதியத்துக்கு மேல் அந்த ஆட்களையே மைதானத்துக்குத் திருப்பினால் என்ன என்று கேட்டாள். திருப்பலாம் என்றார்கள். தொலைக்காட்சிக்காரர்கள் மூன்று மணி அல்லது ஏழு மணி, எதுவானாலும் சரி என்றார்கள்.

ஒரே ஒரு ஃபோன். இதை அவள் முன்னாலேயே செய்திருக்கலாமே? எழுதும்போது இந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. அண்ணனுக்குத்தான் வந்தது.

5

அலுவலகம் கலைகிற நேரத்தில் அவர் தனியாகத் திரும்பி வந்தார். மறுபடியும் படி. மூச்சு வாங்கியது.

"மேடம்..."

"இங்க யாரும் இல்ல. மேடமெல்லாம் வேண்டாம்."

"அந்த மனுவத் தள்ளுபடி பண்ணிடும்மா."

"எந்த மனு?"

"நாங்க குடுத்தது. ஞாயிறு வேண்டாம், திங்களே இருக்கட்டும். உங்க அண்ணி என்கூடப் பேசுறதையே விட்டுட்டா. அதவிடக் கொடுமை, சம்பந்தி வீடு மொத்தமும் எதிர் டீமு."

சிரிப்பை அவள் இருமலாக மாற்றினாள். "சம்பந்தம் பேசும்போது இதை விசாரிக்கலையா?"

"குலம் கோத்திரம் வேலை வெட்டி எல்லாம் விசாரிச்சோம். இத விட்டுட்டோம்." கைப்பையிலிருந்து பத்திரிகையை எடுத்து மேசையில் வைத்தார். பையிலேயே கிடந்ததில் ஓரம் மடங்கியிருந்தது.

"நீ அழைக்க வந்தியா, மனு குடுக்க வந்தியா?"

"ரெண்டுக்கும்தான். முன்னாடியே வந்திருக்கணும். கூப்பிட வாய் வரல. என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றது? உன் கல்யாணத்துல பாதியில எழுந்து போனவன் நான்."

"அன்னிக்குத் தோத்தீங்கள்ல?"

"நாலு கோல்."

"நல்லா வேணும்."

அவர் பத்திரிகையின் மடங்கிய ஓரத்தை விரலால் நீவினார். பிறகு அவர் கேட்டார்: "ஞாயிறுக்குப் போலீஸ் ஒத்துக்கிச்சா?"

"ஒத்துக்கிச்சு. ஒரு ஃபோன்தான்."

லிஃப்ட் எந்த மாடியில் சிக்கியிருக்கிறது என்று சத்தத்தை வைத்தே சொல்லுகிற மனிதர். தங்கை சொன்னதை அவர் உள்ளே ஓட்டிப் பார்த்தார்.

"ஒரு ஃபோன்ல முடியுறத ஏன் மொதல்லயே பண்ணல?"

அவள் மேசையிலிருந்த காகிதங்களை அடுக்கினாள். அடுக்கியிருந்ததையே மறுபடி அடுக்கினாள்.

"கல்யாணத் தேதி உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஊர்ல எல்லாத் தேதியும் என்கிட்டதான் வரும்."

அண்ணன் அப்போதுதான் உட்கார்ந்தார். "ஊரே உன்னத் திட்டுச்சேம்மா."

"நீதான ஆரம்பிச்சு வச்ச."

(இந்த இடத்தில் அவரை அழ வைக்கலாமா என்று யோசித்தேன். அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டு, படியில் ஒரே தூசி என்றார். விட்டுவிட்டேன்.)

6

"அப்ப திங்களே வச்சிரு," என்றார்.

"முடியாது. அந்த டிரைவர் சொன்னது மண்டைக்குள்ளயே நிக்குது. அவர் உள்ள போய்ப் பாக்கணும். ஞாயிறு முடிவாயிடுச்சு, நேரம்தான் பாக்கி. மூணா, ஏழா? நீயே சொல்லு."

அவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். மூன்று மணி என்றால் ஆட்டம் முடிந்து எல்லோரும் நேராக மண்டபத்துக்கு வருவார்கள். ஒரு சம்பந்தி ஜெயித்த சம்பந்தி, இன்னொருவர் தோற்ற சம்பந்தி. முதல் பந்தியிலேயே கைகலப்பு. ஏழு என்றால் முடிவு யாருக்கும் தெரியாது. எல்லோரும் பாசத்தோடு அட்சதை போட்டுவிட்டுப் பின்வாசல் வழியாக மாயமாவார்கள். பந்தியில் மாப்பிள்ளை மட்டும் இருப்பார். அவரும் இருப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை.

"எனக்குச் சொல்லத் தெரியல. கல்யாணப் பொண்ணையே கேப்போம்," என்று மகளுக்கு ஃபோன் போட்டுத் தங்கையிடம் நீட்டினார்.

7

முடிக்க மூன்று வழி வைத்திருந்தேன். ஒன்று, மழை வந்து ஆட்டமே தள்ளிப்போகிறது. (மழையைக் கூப்பிடுவது கையாலாகாத கதாசிரியன் வேலை.) இரண்டு, மண்டபத்தில் பெரிய திரை கட்டி இரண்டு குடும்பமும் கட்டிப்பிடித்துக்கொள்— (மன்னிக்கவும்.) மூன்றாவதைச் சொல்லும் முன் ஃபோனில் பெண் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"அத்தையா? நெஜமா அத்தைதானா?"

"ஆமாம்மா. உங்கப்பா பக்கத்துலதான் இருக்கார். ஆட்டம் மூணு மணிக்கா, ஏழு மணிக்கான்னு நீ சொல்லணுமாம்."

"அது எப்ப வேணா இருக்கட்டும் அத்தை. நீங்க எத்தன மணிக்கு வருவீங்க? அத மொதல்ல சொல்லுங்க."

ஊருக்கெல்லாம் நேரம் வைக்கிறவளிடம் அவளுடைய நேரத்தை இதுவரை யாரும் கேட்டதில்லை. சுவரிலிருந்த நாள்காட்டியை ஒருமுறை பார்த்தாள். சன்னலோரம் போய் வெளியே பார்ப்பது போல் நின்ற அண்ணனின் காது மட்டும் இந்தப் பக்கமே இருந்தது.

பிறகு அவள் பதில் சொன்னாள். நான் கேட்டேன். அது அவர்கள் வீட்டு விஷயம், உங்களிடம் சொல்வதாக இல்லை.

மேசையில் அறிவிப்பு தயாராகக் கிடக்கிறது. இறுதிப் போட்டி, ஞாயிற்றுக்கிழமை, மாலை ____ மணி. மூன்றா ஏழா, நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். எதைப் போட்டாலும் முடிவெட்டும் கடையில் உங்களைத் திட்டுவார்கள். தலையை முழுசாக வெட்டிக்கொண்ட பிறகு போடுங்கள்.