கார்டு காட்டிவிட்டுப் பேசு

வாசல் மணி அடித்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அடுப்பில் ஏதாவது கொதித்துக்கொண்டிருக்கும், இல்லாவிட்டால் அவருக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருப்பேன். சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் தெய்வத்தின் ஆட்கள் வருவார்கள். போன வருடம் காவி கட்டிய ஒருவன் ராகுவுக்குப் பரிகாரம் சொல்லிக்கொண்டே, கடைசி வீட்டு மேசையிலிருந்த போனை லவட்டிக்கொண்டு போய்விட்டான். அதன் பிறகு எங்கள் தெரு ரெசிடென்ட்ஸ் அசோசியேஷன் ஒரு சட்டம் போட்டது. எந்த மதமானாலும் சரி, மதத்தின் பேரில் வீட்டுக்கு வருகிறவர்கள் அடையாள அட்டை காட்டவேண்டும். கேட்டுக்குக் கேட் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கூட்டத்தில் எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டியவள் நான்தான்.

என் வீட்டுக்காரர் நயினார் பழவங்காடியில் ஒரு ஹோட்டலில் சப்ளையராகச் சேர்ந்து, ஹோட்டல் தொழிலாளர் யூனியன் செயலாளராக ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையாளச் சீமைக்குப் பிழைக்க வந்த குடும்பம். கணபதி கோயிலுக்கு எதிரே மைக் பிடித்து, கடவுள் இல்லை என்று மணிக்கணக்கில் பேசுவார். நான் அந்தக் கணபதிக்கே தேங்காய் உடைத்துவிட்டு வந்து, கூட்டத்தோடு நின்று கேட்பேன். பேச்சு என்றால் அப்படிப் பேச்சு. மழை தொடங்கிய சமயத்தில் பக்கவாதம் வந்து அவர் வலது கையையும் பேச்சையும் கொண்டுபோயிற்று. கை கொஞ்சம் திரும்பியது, பேச்சு திரும்பவில்லை.

திரும்பவில்லை என்று சொல்வதுகூடச் சரியில்லை. அவர்தான் அதை வர விடவில்லை. ஆஸ்பத்திரியில் ஸ்பீச் தெரபிக்கு இருந்த சின்னப் பெண் ஒரு படத்தைக் காட்டி, “இது எந்தா, அங்கிளே?” என்று கேட்டது. பூனைப் படம். மைதானம் நிறைந்த கூட்டத்துக்குப் பேசின மனிதருக்குப் பூனை என்று சொல்ல மானம் போயிற்று. வாயை இறுக்கி மூடிக்கொண்டார். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, இந்தச் சில மாதங்கள்தான் முக்கியம், பேசாமலே விட்டால் அப்படியே நின்றுபோகும் என்று சொல்லிவிட்டார். நான் கெஞ்சிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார். இனி இந்த மனிதர் வாயிலிருந்து ஒரு வார்த்தை கேட்காமலே செத்துப்போவேனோ என்று நினைத்துக்கொண்டே அவருக்குச் சட்டை மாட்டுவேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. இரண்டு பெண்கள். மூத்தவள் ஓமனா, குடையும் தோள்பையுமாக நின்றாள். இளையவள் பொன்செல்வி.

“சேச்சி, ஒரு நல்ல வார்த்தை பறையான் வந்நதா. ரெண்டே மினிட்,” என்றாள் ஓமனா மலையாளத்தில். ஏதோ நல்ல வார்த்தை சொல்ல வந்தார்களாம்.

“ஐடி கார்டு இருக்கா?” என்றேன். இருக்காது என்று தெரிந்துதான் கேட்டேன்.

“எங்க சபை சின்னது அக்கா. கார்டு ஒண்ணும் அடிக்கல,” என்றாள் பொன்செல்வி.

“அப்போ நடையைக் கட்டுங்க. ஸ்டிக்கர் கண்ணுல படலையா? கார்டு காட்டாம இங்க யாரும் பேசக்கூடாது.”

“கார்டு,” என்று என் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இடது கையை நீட்டிக்கொண்டிருந்தார். “கார்டு... காட்டு.”

யூனியன் கூட்டத்துக்கு மெம்பர் கார்டு இல்லாமல் எவனையும் உள்ளே விடமாட்டார். என் கூடப்பிறந்த தம்பியையே வாசலில் நிறுத்தியவர். ஆனால் கார்டு காட்டினவனுக்கு ஒரு மரியாதை உண்டு. அவன் பேசி முடிக்கிறவரை யாரும் குறுக்கே பேசக்கூடாது, செயலாளரும் அதற்குப் பிறகுதான் பதில் சொல்லவேண்டும். வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை அவர் நாக்கிலேயே ஊறிக் கிடந்திருக்கிறது.

பொன்செல்வி பயந்துபோனாள். சட்டென்று பர்ஸிலிருந்து ஆதார் கார்டை எடுத்து, என்னைத் தாண்டிப்போய் அவர் கையில் கொடுத்தாள். எனக்குத் தடுக்கத் தோன்றவில்லை. அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, ஊர்ப் பேரை வாசித்தார்.

“போன... க்காடு.”

“ஆமா அண்ணாச்சி. தேயிலை எஸ்டேட் லயத்துல, தொழிலாளி வீட்டுலதான் பொறந்தேன். இப்போ சாலைக் கடைத்தெருவுல துணிக்கடையில நிக்கேன்.”

தொழிலாளி என்றதும் அவர் முகம் மாறியது. எதிர் நாற்காலியைக் காட்டினார். “பேசு.”

அவள் பேசினாள். குரல் நடுங்கியது, நடுவில் வசனம் மறந்துபோய் ஓமனாவைப் பார்த்தாள். போதும் என்று நான் வாயெடுத்தேன், அவர் கையைத் தூக்கி என்னை அடக்கினார். நல்ல கூத்துதான், என் வீட்டில் எனக்கே பேச உரிமை இல்லை. அவள் முடித்ததும் தொண்டையைச் செருமினார்.

“இல்லை.”

“என்ன இல்ல, அண்ணாச்சி?”

“தெய்வம்... இல்லை.”

ஓமனா வாயில் கை வைத்தாள். பொன்செல்வி லேசுப்பட்டவள் இல்லை. “இல்லன்னு நீங்க எப்படிச் சொல்லுதீங்க?” என்று திருப்பிக் கேட்டாள்.

அவருக்கு நெற்றி நரம்பு புடைத்தது. உதடு கோணியது. நான் முந்தானையைக் கசக்கிக்கொண்டு நின்றேன். “தெய்வம்... வரட்டும். கார்டு... காட்டட்டும்.”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார், பாதி முகத்தால்.

கேட் வரை கூடவே போனேன். “அடுத்த ஞாயிறும் வாங்க. ஆனா அவரை மதம் மாத்திரலாம்னு கனவு காணாதீங்க, கேட்டீங்களா.”

“மாறினா சந்தோஷம் அக்கா. மாறலன்னாலும் வாறோம்,” என்றாள் பொன்செல்வி.

வந்தார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஆதாரைக் காட்டிவிட்டு அவள் பேசுவாள், அவர் மறுப்பார். ஒற்றைச் சொல் இரண்டானது, இரண்டு நாலானது. இடைப்பட்ட நாளெல்லாம் அடுத்த ஞாயிற்றுக்கான பதிலைக் குளியலறையில் முணுமுணுத்துப் பார்த்துக்கொள்வார். நான் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டு வெளியே நிற்பேன்.

அது யார் கண்ணில் பட்டதோ, அசோசியேஷன் செயலாளர் வெங்கிடேஷ் ஒரு ஞாயிறு அவர்களைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார். ஆதார் ஊரைத்தான் சொல்லும், எந்தச் சபை அனுப்பியது என்று சபையின் கார்டு வேண்டும் என்றாராம். பொன்செல்வி போனில் சொல்லி வருத்தப்பட்டாள். இவர் இஸ்திரி போட்ட சட்டையோடு சாயங்காலம் வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறும் அப்படியே போயிற்று. அதன் பிறகு சட்டை வேண்டாம் என்று தலையாட்டினார். டீ வேண்டுமா என்று கேட்டாலும் தலையாட்டல்தான். பழையபடி சுவர்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் செருப்புப் போட மறந்து வெங்கிடேஷ் வீட்டுக்குப் போனேன். பாவம், மனுஷன் பேரனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

“சட்டம் எல்லார்க்கும் ஒண்ணுதானே அக்கா? அன்னைக்கு நீங்கதானே பெரிசா கைதட்டினீங்க?”

சண்டை போடத் தயாராகப் போன வாயில் உண்மைதான் வந்தது. “அவர் அவங்ககிட்ட மட்டும்தான் சாரே பேசுதார். அவங்க வரலன்னா பேச்சு நின்னுபோகும்.”

வெங்கிடேஷ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு என்னோடு வந்தார். வீட்டுக்குள் கால் வைத்ததும் நாற்காலியிலிருந்து குரல் வந்தது. “கார்டு.”

“நயினாரண்ணே, நான் வெங்கிடேஷாக்கும். செக்ரட்டரி.”

“செக்ரட்டரிக்கும்... கார்டு உண்டு.”

வெங்கிடேஷ் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் வெறுங்கையாகத் திரும்பியது. அந்தக் குரலை முன்பு பழவங்காடியில் கூட்டத்தோடு நின்று கேட்டவர்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் சொன்னார், “தானா கதவு தட்டினாத்தான் அக்கா பிரசாரம். நீங்க கூப்பிட்டு வந்தா அது விருந்து. விருந்துக்கு வாறவங்ககிட்ட அசோசியேஷனுக்கு என்ன காரியம்? நீங்க போன் பண்ணுங்க.”

அந்த ஞாயிறே வந்தார்கள். அன்றைக்கு அவர் பேசின பேச்சு, சும்மா சொல்லக்கூடாது, தட்டுத்தடுமாறினாலும் பழைய மைக் பேச்சுதான். பசி, கூலி, லயத்தில் ஒழுகுகிற கூரை, இதையெல்லாம் உன் தெய்வம் பார்க்கவில்லையா என்று கேட்டார். அடுத்த ஞாயிறு பதில் சொல்கிறேன் என்றாள் பொன்செல்வி. நான் டீ டம்ளர்களை எடுத்தேன். கிளம்பும்போது வழக்கம்போல ஓமனா, “பிரார்த்திச்சோட்டே, சேட்டா?” என்று ஜெபிக்க அனுமதி கேட்டாள். எப்போதும் கையை வீசி மறுப்பவர், அன்றைக்குக் கையை வீசவில்லை.

“எனக்கு வேண்டாம்,” என்றார். மூச்சு வாங்கினார். “இவளுக்குப் பண்ணு. எனக்காக... ரொம்பக் கஷ்டப்படுதா.”

கையிலிருந்த டம்ளரை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.

“பேரு சொல்லி ஜெபிக்கணும் அண்ணாச்சி. அக்கா பேரு என்ன?” என்று பொன்செல்வி கேட்டாள். இத்தனை நாள் வந்துபோயும் அவள் என் பேரைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

“சரோஜம்,” என்றார். ஒரு இடத்திலும் திக்கவில்லை.

பொன்செல்வி என் தலையில் கை வைத்தாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது, மறைக்கத் தோன்றவில்லை. அந்தப் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவர் மூடவில்லை, நம்பாதவர் எதற்கு மூடவேண்டும். ஜெபம் முடிகிறவரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.