வெங்காய முடிச்சில் ஒரு வயர்

1

இந்தக் கதைக்கு ஆதாரமாக என்னிடம் இருப்பது ஒரேயொரு திருகாணி. 1985 ஐப்பசியில், யாழ்ப்பாணத்து இணுவிலில், மழைக்கு ஒதுங்கிய கொட்டிலில் ஒரு பழைய உழவு இயந்திரம் நின்றது. உடம்பெல்லாம் துரு. அதன் மின்பெட்டிக்குப் பின்னால் ஒரு திருகாணி மட்டும் சுத்தமாக இருந்தது. யாரோ அதை அடிக்கடி கழற்றிப் பூட்டுகிறார்கள் என்று நினைத்தேன். மழை விட்டதும் போய்விட்டேன். வீட்டுக்காரரைக் காணவில்லை. மிச்சம் எல்லாம் நான் உண்டாக்கியது. அதற்குப் பொறுப்பும் நானே.

2

“கனிசியஸ் கொழும்புத்துறையிலிருந்து சைக்கிளில் புறப்பட்டபோது வானம்...”

வேண்டாம். வானத்தில் தொடங்கும் கதைகள் தரைக்கு வர நேரமெடுக்கும்.

“டைனமோ சுழன்றால் மின்சாரம் பிறக்கும். அது பற்றரிக்குப் போய்ச் சேராவிட்டால்...”

இது பள்ளிக்கூடம்.

சரி, இப்படி: கனிசியஸ் எஞ்சினை ஓடவிட்டு, டைனமோவின் இரண்டு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்து, அதற்கும் இயந்திரத்தின் உடம்புக்கும் நடுவே ஒரு பல்பைப் பிடித்தான். பல்ப் எரிந்தது.

“ஐயா, டைனமோ செத்துப்போச்சு எண்டெல்லே சொன்னனீங்கள்? இது எங்களை எல்லாம் அடக்கம் பண்ணிப்போட்டுத்தான் சாகும்.”

“அப்ப ஏன் கிளிநொச்சிக்கு வெளிக்கிட்ட ரெண்டுதரமும் கோண்டாவிலைத் தாண்டேல்லை?” என்றார் சண்முகநாதன். “பற்றரியைக் கடையிலை குடுத்துச் சார்ச் பண்ணித்தான் ஏறினனான். அரை மணித்தியாலம், அவ்வளவுதான். மாடு பூட்டி இழுத்துக்கொண்டு வந்தனான். சந்தியிலை சனம் சிரிச்சுது.”

“மாட்டுக்குச் சார்ச் தேவையில்லைத்தானே, ஐயா.”

சண்முகநாதன் சிரிக்கவில்லை. தேத்தண்ணியோடு வந்த அவருடைய தங்கை ஞானாம்பிகையும் சிரிக்கவில்லை.

(இணுவிலில் வயர் வேலை தெரிந்த ஆளே இல்லையா, ஏன் கொழும்புத்துறைக் கடற்கரைவரை போனாய் என்று கேட்பீர்கள். இணுவில் ஆள் என்றால் எப்படியும் இவர்களுக்கு ஒரு வழியில் சொந்தமாகிவிடுவான். சொந்தக்காரனுக்கு ஏற்கெனவே ஒரு பக்கம் இருக்கும். எனக்குப் பக்கமில்லாத ஒருவன் வேண்டியிருந்தது. கடலுக்குப் போகத் தடை வந்தபின் படகு எஞ்சின்கள் சும்மா கிடந்தன; அவற்றைத் திருத்தியவனும் சும்மா இருந்தான்.)

3

சண்முகநாதனைப் பற்றி ஒரு திருத்தம்.

முதல் வரைவில் அவருக்குத் தடித்த கழுத்தும் தங்கச் சங்கிலியும் கொடுத்திருந்தேன். பிறகு சங்கிலியைக் கழற்றினேன். பிறகு கழுத்தையும் மெலிய வைத்தேன். அவருக்குக் கிளிநொச்சியில் ஆறு ஏக்கர் வயல். வாடகை இயந்திரம் வரும்வரை காத்திருந்து, போன வருஷம் பிந்தி விதைத்து, பாதிப் பயிரை இழந்தவர். இந்த முறை மழை தொடங்கிவிட்டது.

இயந்திரத்தைத் தகப்பன் இருவருக்குமாக விட்டுப்போனார். எழுத்து இல்லை, ஒரு வாய்ப்பேச்சுத்தான்: தெருவில் ஓடினால் அண்ணனுக்கு, கிளிநொச்சிக்கு. ஓடாவிட்டால் தங்கைக்கு. அவள் அதை நின்ற இடத்திலேயே வைத்து, பக்கச் சக்கரத்தில் பட்டி மாட்டி, கிணற்றுப் பம்பைச் சுழற்றி, வெங்காயத்துக்கு இறைக்கிறாள். புருசன் செத்து நாலு வருஷம். துலா மிதித்துத் தண்ணீர் இறைக்க ஆளில்லை. இயந்திரம் போனால் தோட்டமும் போகும்.

ஆக, இந்தக் கதையில் கெட்டவர் யாரும் இல்லை. எழுதுகிறவனுக்கு அது பெரிய இடைஞ்சல்.

4

டைனமோ நல்லது என்றால் பிழை வயரில்தான் இருக்க வேண்டும். கனிசியஸ் டைனமோவிலிருந்து போகும் மெல்லிய வயரை விரலால் பிடித்துக்கொண்டே போனான், இருட்டில் கயிறு பிடித்துக் கரை தேடுகிறவனைப்போல. [உவமையை விட்டுவைக்கிறேன், அவன் கடற்கரைக்காரன்.] விரல் மின்பெட்டியின் பின்பக்கம் போய் நின்றது.

வயர் அறுந்திருக்கவில்லை. திருகாணியிலிருந்து கழற்றி, சுருட்டி, பனையோலைக் கீற்றால் கட்டப்பட்டிருந்தது. செப்பு முனை பளிச்சென்று இருந்தது. இறைக்கிற நாளில் பூட்டுவதும், மற்ற நாளில் கழற்றுவதுமாக இருந்தால்தான் அப்படி இருக்கும்.

முடிச்சு அவனை யோசிக்க வைத்தது. முடிச்சில் வளர்ந்தவன் அவன். வலைக்காரன் போடும் முடிச்சு இல்லை, மெக்கானிக் போடுவதும் இல்லை. நிமிர்ந்தான். கொட்டிலின் கூரை வளையில் வெங்காயப் பிடிகள் தொங்கின. ஒவ்வொன்றிலும் பனையோலைக் கீற்று, ஒவ்வொன்றிலும் அதே முடிச்சு.

ஞானாம்பிகை அவன் நிமிர்ந்ததைக் கண்டாள்.

கனிசியஸ் உள்ளங்கையால் வயரை மூடினான்.

“என்ன, ஆம்பிட்டுதோ?” என்றார் சண்முகநாதன்.

5

இங்கே வந்து ஒரு மாதம் நின்றேன்.

முடிவு அ: கனிசியஸ் உண்மையைச் சொல்கிறான். பிழையைக் கண்டுபிடித்தவனுக்கு அதைச் சொல்லாமல் இருப்பது தும்மலை அடக்குவதுபோல. அண்ணன் சந்தோஷப்படுகிறார். தங்கை தேத்தண்ணிக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே...

(உள்ளே போய் என்ன செய்கிறாள் என்று எழுதத் தெரியவில்லை.)

முடிவு ஆ: “இது சரிவராது, ஐயா” என்கிறான். நல்ல பொய். ஆனால் ஆறு ஏக்கரும் இந்த வருஷமும் பிந்தும்.

முடிவு இ: வயரைப் பூட்டிவிட்டு, பிழை தானாகச் சரிவந்துவிட்டது என்று சொல்லி...*

* இயந்திரங்களில் எதுவும் தானாகச் சரிவருவதில்லை. கதைகளிலும் அப்படி விடக்கூடாது.

மூன்றையும் அடுத்தடுத்து வாசித்தபோதுதான் கண்டேன்: மூன்றிலும் பேசுவது கனிசியஸ். அன்று காலையில் வந்து, பின்னேரம் போகப்போகிறவன். இரண்டு பேருக்குமே எதுவும் ஆகாதவனிடம் ஒரு தோட்டத்தையும் ஒரு வயலையும் கொடுத்துவிட்டு, நான் ஞாயம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளோ தட்டத்தை ஏந்தியபடி, நான் நிறுத்திவைத்த இடத்திலேயே ஒரு மாதமாக நிற்கிறாள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

6

“என்ன, ஆம்பிட்டுதோ?”

கனிசியஸ் வாயைத் திறந்தான்.

“அவரைக் கேளாதையுங்கோ, அண்ணை,” என்றாள் ஞானாம்பிகை. தட்டத்தைக் கீழே வைத்தாள். “வயரை நான்தான் கழட்டினனான். ரெண்டுதரமும்.”

சண்முகநாதன் அவளைப் பார்த்தார். பிறகு கனிசியஸைப் பார்த்தார். அவன் கையை எடுத்தான்.

“ஏன் பிள்ளை, எனக்குச் சொல்லியிருக்கலாமே?”

“சொன்னால் என்ன செய்திருப்பியள்?”

இது அவள் என்னிடம் கேட்ட கேள்வி அல்ல. அண்ணனிடம் கேட்டது. அவர் யோசிக்கிறார். சந்தியில் சிரித்த சனத்தை யோசிக்கிறார், நனையத் தொடங்கிய வயலை யோசிக்கிறார், தங்கையின் கைகளையும் பார்க்கிறார். அவருக்குள் ஒரு பதில் இருக்கிறது. அவரை நான் உண்டாக்கியிருந்தாலும் அது என்னவென்று எனக்குத் தெரியாது. தெரிந்ததாக நடித்து ஒரு வரி எழுதலாம். மூன்று தடவை அப்படிச் செய்து பார்த்துவிட்டேன்.

உங்களில் தங்கை உள்ளவர்கள் இருப்பீர்கள். வயல் உள்ளவர்களும் இருப்பீர்கள். அவர் நிற்கும் இடத்தில் வந்து நில்லுங்கள். அவசரமில்லை, அவள் பதிலைக் கேட்காமல் போகமாட்டாள்.