மூன்றே முக்கால் மணி நேரம்

"பூஜை லீவுக்கு மொத நாள் பெருங்களத்தூர்ல வேன் மாட்டிக்கினு மூணே முக்கா மணி நேரம் நின்னுச்சு. நான் ஒரு வாட்டிகூட எறங்கல," என்றாள் பேபி.

கேன்டீனில் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த அத்தனை கைகளும் நின்றன. பிறகு ஒரே சிரிப்பு. தனத்துக்குப் புரையேறி, பக்கத்தில் இருந்தவள் தலையில் தட்ட வேண்டியதாயிற்று.

"மூணே முக்கா நிமிஷம்னு சொல்லுக்கா," என்றாள் தனம், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "யோசிச்சுப் பாக்கலாம்."

சிரிப்பதிலும் நியாயம் இருந்தது. தாம்பரத்தில் இருக்கிற அந்த ஏற்றுமதிக் கம்பெனியில், சட்டை தைக்கும் மூன்றாவது லைனில், பேபியின் மூத்திர அவசரம் ஊரறிந்த சமாசாரம். அவள் மெஷினிலிருந்து பாத்ரூம் வரைக்கும் அவள் ஓடி ஓடியே சிமெண்டுத் தரை பளபளத்துப்போய், அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் என்பார்கள். பல்லாவரத்திலிருந்து கூடுவாஞ்சேரி வரை எந்தப் பெட்ரோல் பங்கில் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, எதில் கிடையாது என்பது அவளுக்கு மனப்பாடம். இரண்டு பங்குகளில் அவள் நடையைத் தூரத்தில் பார்த்ததுமே சாவியை நீட்டிவிடுவார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டுகிற அவள் புருஷன் துரை, "மத்தவன் பொண்டாட்டிய கூட்டிக்கினு போனா நகைக் கடை பக்கம் வண்டிய நிறுத்தச் சொல்லுவா. எனக்கு அந்தப் பேஜாரே இல்ல," என்று சவாரிகளிடமே சொல்லிச் சிரிப்பான்.

லைனில் அவ்வளவு சிரிப்பாக இருக்கவில்லை. அறுபது பெண்கள். சூப்பர்வைசர் சரோஜினியின் மேசைக்குப் பின்னால் சுவரில் இரண்டு ஆணிகள். ஆணிக்கு ஒன்றாக இரண்டு சிவப்பு டோக்கன்கள், உள்ளங்கை அகலத்துக்குப் பிளாஸ்டிக் வில்லைகள், நாடா கோத்துத் தொங்கும். பாத்ரூம் போகிறவள் ஒன்றை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சரோஜினியிடம் சொல்லி நோட்டில் நேரம் எழுதவைத்துவிட்டுப் போக வேண்டும். இரண்டு ஆணியும் காலியாக இருந்தால் மூன்றாமவள் காலைப் பின்னிக்கொண்டு தைக்க வேண்டியதுதான். அதனால் காலையில் நிரப்பிக் கொண்டுவரும் தண்ணீர் பாட்டில்கள் பலதும் அப்படியே நிரம்பி வீட்டுக்குத் திரும்பும்.

ஜூன் மாதம் ஃப்ளோர் மேனேஜர் சுகுமார் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பேபியின் பெயருக்கு நேராக ஒரு நாளைக்குப் பதினொன்று. அவர் கத்துகிற மனிதர் அல்ல.

"தீபாவளி வரைக்கும் பாக்கறேன்மா," என்றார். "சரியாகலன்னா காலர் மெஷினுக்கு வேற ஆள். நீ நூல் வெட்டுற டேபிளுக்குப் போயிடு."

நூல் வெட்டுகிற டேபிளில் ஸ்டூல் கிடையாது. எட்டு மணி நேரமும் நின்றபடி, தைத்து வருகிற சட்டைகளில் பிசிறு வெட்ட வேண்டும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பேபி வேலைக்குச் சேர்ந்தது அந்த டேபிளில்தான். ஹெல்ப்பராக இருந்து டெய்லர் ஆவதற்கு ஆறு வருஷம் பிடித்தது.

அவள் முதலில் செய்தது தண்ணீரை அடியோடு நிறுத்தியது. நான்காம் நாள் எரிச்சல் வந்தது. அவசரம் மட்டும் ஒரு இம்மியும் குறையவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் சர்க்கரையும் மூத்திரமும் சோதித்தார்கள். எரிச்சலுக்கு ஐந்து நாள் மாத்திரை கொடுத்து, பிறகு மாடியில் ஒரு மூலை அறைக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த ஜாஸ்மின் என்ற பெண், "நான் டாக்டர் இல்லக்கா, பிசியோதெரபிஸ்ட்," என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தினாள். இடுப்பு எலும்பின் படம் ஒன்றைக் காட்டினாள். அடியில் தொட்டில் துணி மாதிரி ஒரு தசை.

"இதுதான்க்கா மூத்திரப் பைய தாங்குது. தளர்ந்துபோச்சு. காத்து வந்தா நாலு பேர் முன்னால எப்படி அடக்குவீங்க, அந்த மாதிரி இறுக்கி உள்பக்கமா தூக்குங்க. அஞ்சு எண்ணுங்க. விடுங்க. பத்து தடவை. மூச்சை மட்டும் பிடிக்காதீங்க."

"இதுக்கு மாத்திரை இல்லியா டாக்டரம்மா?"

"இருக்கு. மொதல்ல இத பன்னெண்டு வாரம் பண்ணிப் பாப்போம். அவசரம் வந்தா ஓடாதீங்க. ஓடினா இன்னும் ஜாஸ்தியாகும். அப்படியே உக்காந்து சட்டு சட்டுனு அஞ்சு தடவை இறுக்கி விடுங்க. அலை மாதிரிதான், ஏறும், எறங்கும். எறங்கினப்புறம் மெதுவா நடந்து போங்க. தண்ணி குடிங்க, டீய குறைங்க."

பேபி மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள், மெஷினில் உட்கார்ந்தபடி. இறுக்கினாள். பதின்மூன்று வருஷமாக மெஷின் ஓட்டும் உடம்பு. இடுப்பில் ஒன்றை இறுக்கினால் வலது கால் சும்மா இருக்குமா? பெடலை அமுக்கியது. மெஷின் கடகடவென்று ஓடி, காலரைத் தாண்டி, சட்டையின் கழுத்தையே மூடித் தைத்துவிட்டது. அவளோ கண்ணை மூடி எண்ணிக்கொண்டிருந்தாள். இப்படிப் பதினொரு சட்டைகள். பின்னாளில் அவள் சொல்லும்போது அது நூற்றுப் பத்து ஆனது, கப்பலேறி ஜெர்மனி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

சரோஜினி ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்தாள். "இது யாருக்கு? தலை இல்லாதவனுக்கா?"

பேபி சொன்னாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சரோஜினி கேட்டுக்கொண்டு, "உக்காந்து பிரி," என்றாள். மேனேஜரிடம் சொல்லவில்லை. அன்று ஏழு மணி வரை பேபி பிரித்தாள்.

அடுத்த தடவை போனபோது ஜாஸ்மின் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "காலு, தொடை, முகம், எதுவுமே அசையக் கூடாதுக்கா. பக்கத்துல இருக்கறவங்களுக்கே தெரியக் கூடாது."

அதற்குப் பிறகு பேபி ஒரு வழி கண்டுபிடித்தாள். பாபினில் நூல் தீர்ந்தால் மெஷினை நிறுத்தி மாற்றித்தானே ஆக வேண்டும். அப்போது காலைப் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் வைப்பாள். பாபினுக்கு ஐந்து இறுக்கல். ஒரு நாளைக்கு எத்தனை பாபின் என்று அவளுக்குத் தெரியும். ஆகஸ்டில் பதினொன்று ஏழானது. செப்டம்பரில் நான்கு. அதுவும் ஓட்டமில்லை, நடை. பாட்டில் காலியாக வீடு திரும்பியது.

பிறகுதான் அந்த வேன்.

பூஜை லீவுக்கு ஊருக்குப் போகிற சென்னை முழுவதும் அன்று சாயங்காலம் ஜி.எஸ்.டி. ரோட்டில் இருந்தது. பெருங்களத்தூருக்குக் கொஞ்சம் முன்னால் கம்பெனி வேன் நின்றது. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு மற்ற பெண்கள் இறங்கி ரயிலைப் பிடிக்க நடந்தார்கள். முட்டி வலி என்று சரோஜினி முன் சீட்டிலேயே சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பேபி பின் சீட்டில். டிரைவர் டேனியல் மூன்று தடவை இறங்கி, ஒரு மதில் பக்கம் போய், ஜிப்பைச் சரிசெய்தபடி வந்தார். ஆணுக்கு மதில் போதும்.

முதல் அலை ஏழு மணிக்கு வந்தது. பேபி தனக்கு எதிரே இருந்த சீட்டின் கம்பியைப் பிடித்தாள், பிறகு கையை விட்டாள். கால் விரல்களைத் தளர்த்தினாள். ஐந்து. பக்கத்து பஸ்ஸில் ஒருத்தன் பரோட்டா தின்றுகொண்டிருந்தான். வேறெதையும் பார்க்காமல் அவன் பிய்க்கும் துண்டுகளையே எண்ணினாள். அலை இறங்கியது. அடுத்தது பெரிது. அதுவும் இறங்கியது. ஒன்பதாவது அலைக்குள் அவளுக்கு ஒரு திமிரே வந்துவிட்டது. ஊரப்பாக்கத்தில் வீட்டு வாசலில் இறங்கி, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, மகாராணி மாதிரி நடந்து உள்ளே போனாள். துரைதான் பதறி எழுந்து வழிவிட்டான்.

"வேணும்னா சரோஜினிக்காவ கேளுங்க," என்றாள் இப்போது கேன்டீனில். "வேன்லதான இருந்தாங்க."

எல்லோரும் திரும்பினார்கள். சரோஜினி தட்டிலிருந்து நிமிரவில்லை.

"நான் தூங்கிட்டேன். நீ எறங்கியிருப்ப."

"இன்னாக்கா சொல்ற? நான் எங்க எறங்கினேன்?"

"எறங்கியிருப்பேன்றேன் இல்ல. வாய மூடிக்கினு சாப்புடு."

ஆனால் பேபி வாயை மூடுகிற ரகம் இல்லை. மூன்று மணிக்குள் கதை கட்டிங், பட்டன், பேக்கிங் எல்லாம் சுற்றி, மேனேஜர் அறைக்கும் போய்ச் சேர்ந்தது. சுகுமார் லைனுக்கு வந்தார். சரோஜினியின் மேசையில் நோட்டைத் திறந்து வைத்து, பேபியைக் கூப்பிட்டார். பக்கத்து மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"பதினொன்னு நாலாயிருக்கு," என்றார். "நீ நிஜமாவே நாலு தடவைதான் போறியா, இல்ல சரோஜினி பாவம் பாத்துக் குறைச்சு எழுதறாங்களா?"

"நாலுதான் சார். ஆஸ்பத்திரில பயிற்சி குடுத்தாங்க. வேன்ல மூணே முக்கா மணி நேரம் அசையாம குந்திகினு இருந்தேன் சார்."

"சரோஜினி?"

"பெருமைக்கு சொல்றா சார்."

பேபி அவளைப் பார்த்தாள். சரோஜினி பேபியைப் பார்க்கவில்லை. தன் பின்னால் சுவரில் இருந்த டோக்கன் ஆணிகளைத் திரும்பிப் பார்த்தாள்.

சுகுமார் ஆணியிலிருந்து ஒரு டோக்கனைக் கழற்றினார். நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "எனக்கு ரெண்டுல ஒன்னுதான் தெரியணும். வேன் கதை பொய்யின்னா இந்த நோட்டும் பொய். பேபி நாளைக்கு நூல் டேபிளுக்குப் போகட்டும். உண்மைன்னா நல்ல விஷயம். இவங்களுக்கே மூணே முக்கா மணி நேரம் முடியும்னா மத்தவங்களுக்கு முடியாதா? பயிற்சி எல்லாரும் கத்துக்கட்டும். லைனுக்கு ரெண்டு டோக்கன் எதுக்கு?"

"சார், அது போகாம இருக்கறதுக்கு இல்ல சார்," என்றாள் பேபி. "மூணு மணி நேரத்துக்கு ஒரு வாட்டி கண்டிப்பா போவணும்னு சொல்லித்தான்..."

"உன்ன கேக்கலம்மா."

கடைசி மெஷினும் நின்றது. தனம் கையில் காலர்த் துண்டோடு எழுந்து நின்றாள். அவளுக்கு ஆறு மாதம். ஒரு டோக்கன் சுகுமாரின் விரலில் ஆடியது. மற்றது ஆணியில் இல்லை, யாரோ கொண்டுபோயிருந்தார்கள்.

சரோஜினி பேபியின் காலைப் பார்த்தாள். பெடல் மிதித்து மிதித்து வலது பாதத்தின் ஓரம் காய்த்திருந்தது. பிறகு தனத்தின் வயிற்றைப் பார்த்தாள். அவள் மேசையில் பேனாவை நேராக வைக்க எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு பாபினையே மாற்றியிருக்கலாம்.

"நடந்தது சார்," என்றாள். "நான் தூங்கல. என்னால தூங்க முடியல. ரெண்டு வாட்டி டேனியல் அண்ணன அந்தப் பக்கம் திரும்பச் சொல்லிட்டு வேன் மறைவுல எறங்கினது நான்தான்."

சுகுமார் டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாடா வெளியே தொங்கியது.

"அவ எறங்கல," என்றாள் சரோஜினி.