முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் முகம்

நூலகத்தில் ஒரே புத்தகம் மட்டும் இருந்த மூன்றாவது வருடம், அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில், பள்ளியின் முந்நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் ஒரே முகம் வந்துவிட்டது. ஆண், பெண் என்ற வித்தியாசம் இல்லை. ஆறு வயதுக்கும் பதினாறு வயதுக்கும் உயரம் மட்டும்தான் வேறு. வட்ட முகம், வலது கன்னத்தில் குழி, யார் எது சொன்னாலும் ஒத்துக்கொள்ளும் கண்கள். அந்தப் புத்தகத்தின் அட்டையில் விடியற்காலை எழுந்து பல் தேய்க்கும் நல்ல பிள்ளையின் முகம் அது. அம்மாக்கள் ஒரு நாள் அழுதார்கள். மறுநாள் சட்டைக் காலரின் உட்பக்கம் பெயர் தைத்து அனுப்பினார்கள்.

ஒரே புத்தகம் எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பழி பேய் பிசாசு மேல் போய்விடும். புத்தகத் தேர்வுக் குழுவில் ஏழு பேர், தலைவர் பல் டாக்டர். ஒருவருக்குப் பிடிக்காவிட்டாலும் புத்தகம் பட்டியலில் இருக்கக் கூடாது என்பது விதி. பேய்க் கதை வேண்டாம், பிள்ளைகள் பயந்துவிடும் என்றார் ஒருவர். மிருகம் பேசுவது பொய், பொய்யைக் காசு கொடுத்து வாங்குவதா என்றார் இன்னொருவர். காதல் எட்டிப் பார்த்த புத்தகங்கள் பேச்சுமூச்சு இல்லாமல் போயின. சாவு கூடாது, போர் கூடாது, அழுகை கூடாது. கடலைப் பற்றிய புத்தகத்தைப் படித்துவிட்டுப் பிள்ளை கடலுக்குக் கிளம்பினால் யார் பொறுப்பு என்று கேட்டதும் அதையும் அடித்தார்கள். சலித்துச் சலித்துக் கடைசியில் மிஞ்சியது பல் தேய்க்கும் பிள்ளை. அதையே தலைக்கு ஒன்றாக வாங்கினால் பிள்ளைகளுக்குள் அடிதடியும் வராது என்று ஏழு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நூலகக்காரம்மாவும் அந்த ஏழில் ஒருத்தி.

அவளுக்குப் பதினாலு வயதில் ஒரே மகள். முகங்கள் மாறிய அன்று மாலை பள்ளி வாசலில் நின்று தன் பிள்ளை எது என்று தேடினாள். கூட்டம் முழுக்கக் கடந்து போன பிறகும் தெரியவில்லை. மகள் அவளைத் தாண்டித்தான் போயிருந்தாள், கூப்பிடத் தோன்றவில்லையாம். இந்த முகத்தை உரிக்காமல் ஓய்வதில்லை என்று நூலகக்காரம்மா அன்றைக்கே முடிவு கட்டினாள்.

வேறு புத்தகங்கள் வாங்கலாம் என்று அவள் கேட்டபோது குழு முதலில் அசையவில்லை. ஆனால் பல் டாக்டர் அடுத்த தெருப் பையனைத் தன் மகன் என்று மூன்று நாள் வீட்டில் வைத்துச் சோறு போட்டிருந்தார். நான்காம் நாள் அவன் கொட்டாவி விட்டபோது கடைவாய்ப் பல்லைப் பார்த்துத்தான் விஷயம் புரிந்தது. பற்கள் மட்டும் யாருக்கும் மாறவில்லை. அவர் நேராக நூலகத்துக்கு வந்து, "எதை வேணும்னாலும் வாங்குங்கம்மா. இனிமே ஒண்ணைக்கூட அடிக்க மாட்டோம்" என்றார்.

என்ன படிக்க ஆசை என்று நூலகக்காரம்மா ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டாள். "எது குடுத்தாலும் சரி மிஸ்" என்றது முந்நூற்றுப் பன்னிரண்டும். அதனால் கேட்பதை விட்டுவிட்டுக் கவனிக்க ஆரம்பித்தாள். மணி அடித்த பிறகும் எதிர்க் கட்டடத்தின் கிரேனையே பார்த்து நின்றவனுக்குப் பாலம் கட்டுகிறவர்களின் கதை. பென்சிலைக்கூடப் புதைத்து வைத்தவளுக்குப் புதையல் கதை. படிக்கப் படிக்க, எண்பதாவது பக்கத்தில் சொந்தமாகப் புருவம் வந்தது, கப்பல் உடையும் இடத்தில் தாடை. ஆனால் ஒரு வகைப் புத்தகம் ஒரு பாகத்தைத்தான் கொடுத்தது. ஒன்பது பேய்க் கதைகளை ஒரே மூச்சில் முடித்த எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குக் காது மட்டும் வளர்ந்துகொண்டே போனது. பத்தாவதைக் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு, தேனீக்களைப் பற்றி ஒன்றும் கவிதை ஒன்றும் கொடுத்து அனுப்பினாள். அந்தப் பெண் பத்து நாள் முறைத்தாள், மூக்கு வந்தது.

இரண்டு வருடத்தில் முந்நூற்றுப் பதினோரு பேருக்கு முகம் கிடைத்தது. ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள், வளரவில்லை. பதினாறு வயதாகியும் மகளிடம் அதே வட்டம், அதே குழி. அம்மா தன் பதினாறில் விரும்பியதையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தாள். மகள் சமர்த்தாகப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். நூற்றுநாற்பது புத்தகம் ஆயிற்று, ஒரு மயிர்கூட இடம் மாறவில்லை. கடைசியில் நூலகக்காரம்மா சாவியை மேசையில் வைத்து, "நீயே எடுத்துக்கோடி, என்னால முடியல" என்றாள்.

மகள் அலமாரிகளைச் சுற்றிவிட்டு வந்தாள். "நீ வாங்காம விட்டது ஒண்ணு இருக்கும்ல? அது வேணும்."

இருந்தது. குழுவில் மற்ற ஆறு பேரும் சரி என்று சொன்ன பிறகும் நூலகக்காரம்மா தானே அடித்த புத்தகம். அதில் ஒரு பெண் அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறாள், கடைசிப் பக்கத்திலும் திரும்பி வருவதில்லை. மகள் அதைப் படித்தால் போய்விடுவாள் என்ற பயம் அவளுக்கு அன்றும் இருந்தது, இன்றும் இருந்தது. பயத்தோடேயே பேருந்து ஏறி, மூன்று கடை அலைந்து வாங்கி வந்து மகள் கையில் கொடுத்தாள்.

நான்கு நாளில் முகம் வந்தது. நீண்ட முகம், நெருங்கிய புருவம், யாருடைய ஜாடையும் இல்லாத மூக்கு. அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

"என்னம்மா அப்படிப் பாக்குற?"

"என் ஜாடையும் இல்ல, உங்கப்பா ஜாடையும் இல்ல."

"எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள் மகள். "அப்புறம், இனிமே என் ரூமுக்கு வந்தா கதவத் தட்டிட்டு வா."

மகள் எங்கேயும் போய்விடவில்லை. பள்ளியில் அடையாள அட்டைக்குப் புதுப் படம் எடுத்தார்கள். மறுநாள் காலை நூலகக்காரம்மா இரண்டு கோப்பைத் தேநீரோடு மகளின் அறைக்குப் போனாள். கை இரண்டும் நிறைந்திருந்ததால் முழங்கையால் தட்டினாள். உள்ளேயிருந்து, "இரு, வரேன்" என்று குரல் வந்தது. இருந்தாள்.